கீழ்க்கணக்கின் நாற்பதாவது பெயர்

வாரத்தில் இரண்டு நாள் தம்பிஐயாவை நாற்காலியோடு தூக்கித்தான் பஸ் ரோட்டுக்கு இறக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், லயங்கள் என்ற வரிசை வீடுகளுக்கு இருந்த பாதையை மண் சரிந்து கொண்டுபோய் மூன்று வருடமாகிறது. சிறுநீரகம் பழுதான மனிதர், இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தீராது. லயத்து ஆண்கள் நான்கு பேர் தூக்குகிறார்கள். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. அவர் மனைவி பூரணிதான் ஒவ்வொரு தடவையும் கூனிக் குறுகிப்போவாள்.

பாதை கேட்டு வாதாடப் பிரதேச சபையில் கீழ்க்கணக்குக்கென்று ஓர் ஆள் இல்லை. தனி வட்டாரமாக்க ஆள் போதாதாம். பாராளுமன்ற ஆசனமோ சபை ஆசனமோ, தலையை எண்ணித்தானே கொடுப்பார்கள்! தலைகள் இருக்கத்தான் செய்தன, எழுதப்படவில்லை. எழுதாமல் விட்டது யாரென்றால், சாட்சாத் பூரணிதான்.

பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்குக் கையெழுத்து அழகு. வருடா வருடம் வாக்காளர் படிவங்களை லயம் முழுக்க அவள்தான் நிரப்பிக் கொடுத்தாள். கொழும்புக் கடைகளில் நிற்கும் பிள்ளைகளின் பெயர்களை மட்டும் விட்டுவிட்டாள். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாதவன் லயத்தில் இருப்பதாகக் காகிதத்தில் ஏறினால், மேனேஜர் துரை அந்த வீட்டுக் காம்பராவைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம். அந்தப் படிவத்துக்கும் துரைக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஊருக்கு நல்லது செய்வதாக நினைத்து ஊரையே சின்னதாக்கிவிட்டாள், பாவி மகள்.

விஷயம் தெரிந்ததும் கிராம சேவகரிடம் ஓடினாள். இன்னும் நாற்பது பெயர் சேர்ந்தால் வட்டாரம் கிடைக்கும், ஒரு மாதம் தவணை, அவரவர் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார் அவர். வெளியே இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். மொத்தமே நாற்பது பேர்தான்.

ஒவ்வொருவனுக்கும் போன் போட்டாள். நல்ல காரியம் என்றார்கள், ஆனால் யாரும் அசையவில்லை. லீவு போட்டு வந்து அலைகிறவன் ஒருவன். பாதையில் நடக்கப்போவது ஊர் முழுவதும். வராதவனையும் அந்தப் பாதை நடக்கவேண்டாம் என்று சொல்லாது. மற்றவன் போகட்டும் என்று எல்லோருமே காத்திருந்தால் எப்படி? பூரணி கெஞ்சினாள், திட்டினாள், வர மறுத்த ஒருவனின் தாய் காலிலும் விழுந்தாள். நாற்காலி தூக்கும் செல்லசாமியின் மகன் வேலை போகிற நிலையிலும் வந்து கையெழுத்து வைத்தான். முப்பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

கடைசியாகக் கொழும்பிலிருந்த தன் மகன் ஜீவராஜை அழைத்தாள். தன் பிள்ளைதானே, எங்கே போய்விடுவான் என்றுதான் அவனைக் கடைசியில் வைத்திருந்தாள்.

"பேர அங்க மாத்துனா கௌசிக்கு இங்க ஸ்கூல் கெடைக்காதும்மா," என்றான் அவன். "அஞ்சு வருசமா இந்த விலாசத்துல பேரு இருக்கணுமாம். நாலு வருசம் ஆயிருச்சு. நீங்க சொல்லுங்கம்மா, நான் என்ன செய்ய?"

உன் அப்பாவுக்கு அஞ்சு வருசம் ஏதுடா என்று தொண்டை வரை வந்தது. பேத்தி கௌசியின் முகம் குறுக்கே வந்து நின்றது. ஊரார் பிள்ளைகளிடம் அவ்வளவு வாய் பேசியவளுக்குத் தன் பிள்ளையிடம் கெஞ்சவும் வரவில்லை, திட்டவும் வரவில்லை.

"மாத்தாத, தம்பி. அங்கயே இருக்கட்டும்," என்றாள்.

பட்டியல் முப்பத்தொன்பதிலேயே நிற்கத் தவணை முடிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி முறை. நாற்காலியில் உட்கார்ந்ததும் தம்பிஐயா, "நம்ம பய பேரு குடுத்துட்டானா?" என்று கேட்டார்.

பூரணி வாய் திறப்பதற்குள் செல்லசாமி முந்திக்கொண்டார். "அவன் குடுக்காம இருப்பானாண்ணே? அக்கா மத்தவங்களக் கேக்குறதுக்கு முந்தியே அவன் பேரத்தான் எழுதியிருப்பாங்க."

பூரணி குனிந்து தம்பிஐயாவின் காலில் போர்வையை இழுத்துவிட்டாள். நான்கு பேரும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இறக்கம் முழுக்க, புதுப்பாதை எந்த வளைவில் வரும் என்று பேசிக்கொண்டே போனார்கள். பூரணி பின்னால் போனாள்.