இல்லாத தீவின் அடித்தொண்டை

கயத்தாறு போகும் வழியில், கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு ஊரில் கிருஷ்ணப்ரியா ஒரு மொழியைப் பெற்றெடுத்திருந்தாள். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதன் விளைவு. லத்தீன் பேசியவர்களும் எபிரேயத்தில் தொழுதவர்களும் ஒரு தீவில் சம்பந்தம் செய்துகொண்டால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எதைப் பேசுவார்கள்? யாருமே கேட்காத இந்தக் கேள்விக்கு இரண்டு வருடமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். மொழியின் பெயர் லுஃபேரா.

எபிரேயத்தில் உயிரொலிக்குப் பின்னால் வரும் 'ப', 'ஃப' ஆகக் குழையும் என்று படித்து மெய்சிலிர்த்தாள். லத்தீன் ஓநாயான லூபுஸ், அவள் தீவில் லூஃபு ஆனது. 'கடல்' என்பதில் ஒரு மாதிரி ஒலிக்கும் 'க', 'பகல்' என்பதில் வேறு மாதிரி ஒலிக்கிறதே, அதற்குச் சிலிர்க்கவில்லை. அது உள்ளூர்ச் சரக்கு. எழுதும்போது உயிரெழுத்துகளை அடியோடு நீக்கிவிட்டாள். வாசிக்க முடியாவிட்டாலும் பார்க்கக் கம்பீரமாக இருந்தது.

இல்லாத மொழிகளுக்கென்று இணையத்தில் ஒரு போட்டி. ஒலிப்பதிவு அனுப்ப அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. எபிரேயத்திலிருந்து ஆசையாக இறக்கிய அடித்தொண்டை ஒலியோ படைத்தவளுக்கே வரவில்லை. காலையிலிருந்து முயன்றதில் இருமல்தான் வந்தது.

அண்ணன் நந்தகோபாலுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆடு மேய்க்கிறவன், அடித்தொண்டையிலிருந்து காறித்தான் மந்தையைக் கூப்பிடுவான். தமிழ் எழுத்தில் எழுதிய தாளோடு அவனைத் தேடிப் போனாள்.

“இந்தத் தீவு எங்கன இருக்கு?”

“எங்கயும் இல்லண்ணே.”

“ஏட்டி, பொறவு எவன் இதப் பேசுவான்?”

“நீதான். வாசி.”

ஆடுகள் தரிசில் மேய்ந்தன. வெயிலுக்கு ஒதுங்கிய இருவரும், ஊர்க்காரர் பரமசிவனின் உளுந்துக் காட்டைத் தாண்டி எதிர்ப்பக்க வேம்படியில் நின்றார்கள். அவள் செல்போனை நீட்ட, நந்தகோபால் லுஃபேராவின் முதல் கவிதையை வாசித்தான். வரிக்கு இரண்டு முறை அடித்தொண்டை ஒலி அற்புதமாக விழுந்தது. கிருஷ்ணப்ரியாவுக்குக் கண் கலங்கியது. நாற்பது ஆடுகளும் தலைதூக்கின. மேய்க்கிறவன் கூப்பிட்டு வராமல் இருக்குமா? உளுந்துக்குள் புகுந்து நேர்வழியில் வந்தன.

பரமசிவன் கம்போடு ஓடிவந்தார். “ஏலே கோட்டிக்காரப் பயலே! ஆட்டக் கூப்பிட்டு விருந்தா வைக்கே? ஒங்கப்பனா வெதச்சான்?”

“அண்ணாச்சி, நான் கவிதைல்லா வாசிச்சேன்…”

“கவிதையா!” அதற்குப் பிறகு அவர் சொன்னவை அச்சேறாதவை.

செல்போன் அத்தனையையும் பதிவுசெய்துகொண்டிருந்தது. மணி நாலு ஐம்பது. அண்ணன் ஆடுகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் அப்படியே அனுப்பினாள்.

பத்து நாளில் நடுவர்களின் பதில் வந்தது. முதலில் பேசுகிறவரின் அடித்தொண்டை ஒலி செயற்கையாக இருக்கிறதாம். இரண்டாவதாகப் பேசுகிறவர்தான் லுஃபேராவைத் தாய்ப்பாலோடு குடித்தவராம். அடுத்த சுற்றுக்கு அவர் குரலில் மூன்று நிமிடம் வேண்டுமாம்.

இரண்டு வருட உழைப்பை நினைத்துக்கொண்டு, கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு பரமசிவன் வீட்டுக்குப் போனாள்.

“திட்டணுமா? மூணு நிமிசமா?” அவர் மிட்டாயைக் கடித்தபடி யோசித்தார். “சும்மா இருக்கும்போது எப்படி தாயி வரும்? ஆடு உள்ள எறங்கணும்லா.”

கிருஷ்ணப்ரியா வாசலுக்கு அப்பால் தெரிந்த உளுந்துக் காட்டைப் பார்த்தாள். இன்னும் பாதி மிச்சமிருந்தது.