அறுபத்து நாலாம் பக்கம்

நோர்வூட் பஜாரில் அப்ராஸின் போட்டோகொப்பிக் கடை பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் பாதி ஷட்டரோடுதான் திறந்திருக்கும். உள்ளே நாலு பேர் கத்துவது பஸ் ஹோல்ட் வரைக்கும் கேட்கும். சொத்துத் தகராறு என்று நினைத்து எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. விஷயம் அதைவிடப் பெரியது. பதிமூன்று வருஷமாக, ஒரு போயா தவறாமல், அவர்கள் அங்கே 'இருள்கோட்டை' ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராக அந்தக் கதைக்குள் நின்று, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பால்மா டின்னுக்குள் கிடக்கும், ஒன்று முதல் இருபது வரை எண் எழுதிய சீட்டுகள் முடிவு செய்யும். புத்தகம் கேட்டது என்னவோ இருபது முகத் தாயக்கட்டையைத்தான். ஹட்டன் முழுக்கத் தேடியும் அப்படி ஒரு கட்டை கிடைக்காமல்தான் டின் வந்தது. இன்றைக்கு யாராவது நிஜக் கட்டையையே கொண்டுவந்து கொடுத்தாலும் தொடமாட்டார்கள், அவ்வளவு மண்டைக்கனம்.

கதை சொல்பவள் ஜீவராணி, கொட்டகலையில் கணக்கு டீச்சர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஒரு தோழியிடம் அந்தப் புத்தகத்தை ஒரே ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, அப்ராஸிடம் கொப்பி அடித்து, முழுவதையும் தமிழாக்கி ஒரு தடித்த சீ.ஆர். நோட்டுக் கொப்பியில் எழுதிவைத்தவள். அட்டையிலிருந்த இங்கிலீஷ் பெயர் யாருக்கும் நாக்கில் நிற்கவில்லை. இருள்கோட்டை அவள் வைத்த பெயர். அந்தக் கொப்பியில் நாலு பேருக்கும் மனப்பாடமான வரி ஒன்று இருந்தது: 'பலம் சைபரானால் ஆள் முடிந்தான்.'

அந்த வரிதான் ஏழு வருஷத்துக்கு முன் ஒரு வெசாக் போயாவில் சடையனைக் கொண்டுபோனது. சடையன் யோகேஸ்வரனின் வீரன். யோகேஸ்வரன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறவர், நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் அன்றைக்கு மழை வரும். கதையில் ஒரு சங்கிலிப் பாலத்தில் எதிரிகள் துரத்தி வந்தார்கள். அப்ராஸின் வில்லாளி காசிமும், தனுஷிகாவின் வைத்தியச்சி அல்லியும் தப்ப வேண்டும். "நீங்க போங்க, நா நிக்கிறேன்" என்றார் யோகேஸ்வரன். அவ்வளவுதான். பதினொரு சீட்டு எடுத்துப் பதினொரு பேரை மறித்தார். பன்னிரண்டாவது சீட்டில் ஒன்றாம் எண் வந்தது. பலம் சைபர்.

ஹட்டன் பாமசியில் மருந்து கொடுத்து எத்தனையோ நோயைப் பார்த்துக் கல்லாகிப்போன தனுஷிகா அன்றைக்கு விக்கி விக்கி அழுதாள். யோகேஸ்வரன் ஒரு வாரம் சவரம் பண்ணாமல் லொறி ஓட்டினார். கதை எப்படியோ வெளியே கசிந்து, தேத்தண்ணிக் கடையில்கூட "அந்தப் பாலத்துல நின்ன ஆளு இவருதான்" என்று காட்டுகிற அளவுக்குப் போனது. அதற்குப் பிறகு யோகேஸ்வரன் ஏனோதானோவென்று ஒரு கழுதை ஓட்டியாக ஆடிவந்தார். ஆனால் பஜாரில் நடக்கும்போது நெஞ்சு நிமிர்ந்தே இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆட்டத்தின் புதிய பதிப்பு வந்தது. தோஹாவிலிருந்து அப்ராஸின் மச்சான் அனுப்பிய புத்தகம், தலைகாணி மாதிரி, பக்கத்துக்குப் பக்கம் கலர். உலகத்தில் பழைய ஆட்டக்காரர்கள் எல்லாம் இதைத் திட்டித் தீர்க்கிறார்கள் என்று அப்ராஸ் போனில் காட்டினான். "ரொம்ப லேசாக்கிட்டாங்களாம், கொழந்தைங்க ஆட்டமாப் போச்சாம்." படித்துப் பார்த்து அடுத்த போயாவில் சொல்கிறேன் என்று ஜீவராணி அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

என்ன மாறியிருக்கிறது என்று ஒரு அத்தியாயமே போட்டிருந்தார்கள். அதில் ஒரு வரி: முன்பு விழுந்த வீரனுக்குப் பிழைத்தெழ மூன்று வாய்ப்புகள் இருந்தன, இனி ஐந்து.

மூன்றா? எந்த மூன்று?

அலுமாரியைக் குடைந்து பழைய கொப்பித்தாள்களை எடுத்தாள். பக்க எண்கள் எல்லாம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தன. பொருளடக்கத்தில் 'சாவின் வாசல், 64' என்றிருந்தது. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் என்று முன்னாலிருந்து எண்ணிக்கொண்டே போனாள். அறுபத்து மூன்றுக்கு அடுத்த தாள், பொருளடக்கம் அறுபத்தாறில் என்று சொன்ன அத்தியாயத்தோடு தொடங்கியது. அப்ராஸ் அவசரத்தில் இரண்டு ஏட்டைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறான். ஒரு அலகு எழுத மறந்த பிள்ளைக்கு அரை மார்க் வெட்டுகிற கணக்கு டீச்சர் பதிமூன்று வருஷமாகப் பக்கத்தை எண்ணிப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. சடையன் செத்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் வாழ்க்கையிலேயே பெரிய மத்தியானம் ஒரு போட்டோகொப்பிப் பிழை. இதைச் சொன்னால் அந்தப் பாலத்தில் என்ன மிஞ்சும்? சொல்லாமலே விட்டுவிடலாம், புதுப் பதிப்பு சரியில்லை என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு நாள் தீர்மானமாகவே இருந்தாள். மூன்றாம் நாள் கொழுந்து லொறியில் யோகேஸ்வரன் கையைத் தூக்கி "டீச்சர்!" என்று சிரித்துக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு அவரிடமே மறைக்க அவளால் முடியவில்லை.

போயா அன்று பழைய கொப்பித்தாள்களையும் புதுப் புத்தகத்தையும் மெஷின் மூடியின் மேல் வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"யோகண்ணே, சடையனுக்கு இன்னும் மூணு சீட்டு இருந்திருக்கு. அந்தப் பக்கம் நம்மகிட்ட இல்ல. நா கவனிக்கல. என்னைய மன்னிச்சிருங்க."

முதலில் உடைந்தது அப்ராஸ்தான். "அல்லாவே, நாந்தான். கரண்டு போகப்போகுதுன்னு அவசரத்துல அடிச்சேன்."

"அப்ப அந்த மூணு சீட்டுக்குள்ள நா திரும்பி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா?" என்றாள் தனுஷிகா.

"ஆமா" என்றாள் ஜீவராணி. அதை மட்டும் அவளால் தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

அப்ராஸ் டின்னை யோகேஸ்வரன் பக்கம் தள்ளினான். "அண்ணே, எடுங்க. புதுப் பொஸ்தகத்துப்படி அஞ்சு. பத்துக்கு மேல ஒண்ணு வந்தாப் போதும், சடையன் எந்திரிச்சிருவான். ஒங்களுக்குச் சேர வேண்டியது அது."

யோகேஸ்வரன் டின்னைக் கையில் எடுத்தார். உள்ளே விரலை விட்டுச் சீட்டுகளைக் கிளறினார். ஜீவராணி அந்தக் கையையே பார்த்தாள். கை வெறுமையாக வெளியே வந்தது.

"டீச்சர், அன்னைக்கி விழுந்தா அவ்வளவுதான்னு தெரிஞ்சுதானே நா நின்னேன்?"

"ஆமாங்கண்ணே."

"மூணு தடவ எந்திரிக்கலாம்னு சொல்லியிருந்தா யாரு வேணும்னாலும் நிப்பாங்க. அப்ராஸே நின்னிருப்பான்." அப்ராஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "ஒலகத்துல எத்தன பேரு இத ஆடுறாங்க. மூணு பத்தாது, அஞ்சு குடுங்கன்னு கேட்டு வாங்கியிருக்காங்க. ஒத்த உசுர வச்சிக்கிட்டு பதிமூணு வருஷம் ஆடுனவங்க வேற எங்கயாச்சும் இருக்காங்களா? நோர்வூட்டுல மட்டுந்தான் இருக்காங்க."

அவர் டின்னை மூடினார். அத்தனை வார்த்தையை அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் அவர்கள் கேட்டதே இல்லை. ஜீவராணியை ஒரு வாரமாகத் தின்றுகொண்டிருந்த வெட்கம் போன இடம் தெரியவில்லை. பெருமையாக இருந்தது, வேறு எப்படிச் சொல்வது, தலைகால் தெரியாத பெருமை.

"புதுசுல அந்தப் பக்கம் எது?" என்று கேட்டார் யோகேஸ்வரன். அவள் விரித்துக் காட்டினாள். அவர் மேசையிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்தார். அப்ராஸ் தன் பளபளக்கும் புத்தகத்தைப் பார்த்து எச்சில் விழுங்கினான்.

"அடிங்கண்ணே" என்றான்.

நாலு மூலையிலும் அடித்து அந்தப் பக்கத்தை அடுத்த பக்கத்தோடு மூடினார். மற்றபடி புத்தகம் நல்ல புத்தகம்தான். அதிலிருந்த மலைப்பாதை வரைபடங்களைத் தனுஷிகா ஏற்கெனவே போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கழுதை ஓட்டியை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, யோகேஸ்வரன் புதுப் பதிப்பிலிருந்து மருதன் என்றொரு இளம் வீரனை உண்டாக்கினார். காசிமும் அல்லியும் ஏழு வயது கூடி வந்தார்கள்.

ஜீவராணி தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.

"பனி எறங்குற நேரம். மூணு பேரும் ஒரு சங்கிலிப் பாலத்துக்கு வந்து சேர்றீங்க. பக்கத்துல ஒரு கல்லு. சடையன் பாலம்னு அதுல வெட்டியிருக்கு."

யோகேஸ்வரன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "நா இந்தப் பக்கத்துக்குப் புதுசுங்க" என்றார், மருதனாக. "யாரு அந்தச் சடையன்?"

அப்ராஸ் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழும்பி நின்றான்.

"அது ஒக்காந்துகிட்டு சொல்ற கத இல்ல தம்பி" என்று காசிம் தொடங்கினான், பஸ் ஹோல்ட் வரைக்கும் கேட்கும்படி. யோகேஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு, முதன்முதலாகக் கேட்கிற ஆள் மாதிரி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.