மடிப்புக் கோடு

வேலையில் சேர்ந்து வாரம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் அவள் ஒரு பேன்ட்டின் இரண்டு காலையும் வெட்டித் தொலைத்துவிட்டாள்.

அவள் முன்பு தைத்த கடையில், சுண்ணக்கட்டியால் கோடு போட்டால் அங்கே வெட்டு என்று பொருள். இந்தப் பட்டணத்துக் கடையை நடத்தும் மாஸ்டரம்மா கோடு போட்டால் அங்கே மடி என்று பொருள். வெட்ட வேண்டியது நாலு விரல் கீழே. மாஸ்டரம்மா சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கோட்டிலேயே வெட்டி, அதற்கு மேலும் மடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு மாட்டிய பிறகுதான் கால் குட்டையாகிப்போனது கண்ணில் பட்டது.

அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மாஸ்டரம்மா அன்று சாயங்காலம்தான் சொல்வதாக இருந்தது. வேண்டாம் என்றால் மறுபடி அண்ணன் வீடு. விவாகரத்து ஆனதிலிருந்து அங்கேதான் ஒண்டியிருந்தாள். கிளம்பிய அன்று அண்ணி வாய் நிறையச் சிரித்து, "கட்டிலைப் பிரிக்காமலே வெச்சிருக்கேன், எப்படியும் வந்துடுவே" என்று வழியனுப்பியிருந்தாள். அந்தக் கட்டிலில் மறுபடி படுப்பதைவிட இந்தக் கடையின் வெட்டுத்துணி மூட்டைமேல் படுத்துக்கொள்ளலாம்.

பேன்ட்டுக்குச் சொந்தக்காரன் எதிர்மாடியில் புதிதாகக் குடிவந்த நெட்டையன். தினம் ஒரு சட்டை, சட்டைக்கு ஒரு பட்டன் என்று அறுந்துபோய்க் கொண்டுவருவான். தைத்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்தபடி நிற்பான். இன்று மாஸ்டரம்மா நூல் வாங்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்து நின்றான்.

"ரெடியாங்க? இன்டர்வியூ இருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்குத் தெரியாது. "சார், தப்பு பண்ணிட்டேன். குட்டையா வெட்டிட்டேன்."

"போட்டுத்தான் பாக்கறேனே" என்று திரைக்குப் பின்னால் போனான். வெளியே வந்தபோது கணுக்கால் இரண்டும் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணாடியில் பார்த்தவன் முகம் வெளுத்துப் போனது.

"என்கிட்ட இருக்கற நல்ல பேன்ட் இது ஒண்ணுதாங்க."

"கழட்டிக் குடுங்க. சரி பண்றேன்."

வெட்டுத்துணி மூட்டையைத் தரையில் கவிழ்த்து, வெட்டிப்போட்ட இரண்டு துண்டையும் தேடி எடுத்தாள். மடிப்பைப் பிரித்தாள். துண்டைக் காலோடு ஒட்டுப்போட்டு, ஒட்டு தெரியாதபடி வெளிப்பக்கமாக ஒரு பட்டை மடிப்பு மடித்தாள். ஊசி தடுக்கியது. "பாவி மெஷினே, இன்னைக்கு மட்டும் என் மானத்தைக் காப்பாத்து" என்று கெஞ்சினாள்.

இரண்டாவது காலில் இருந்தபோது மாஸ்டரம்மா வந்துவிட்டாள். "வெளி மடிப்பா? யார் கேட்டா?"

"நான்தாங்க கேட்டேன்!" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இப்ப அதுதான் ஃபேஷன்!"

அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று அவளுக்கும் ஆசைதான். ஆனால் மாஸ்டரம்மாவின் விரல் அதற்குள் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"அவர் கேக்கலம்மா. கோட்டுலயே வெட்டிட்டேன். ஒட்டுப் போட்டிருக்கேன்."

மாஸ்டரம்மா ஒட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இது இன்னைக்குத் தாங்கினா நீ இரு. பிரிஞ்சுதுன்னா கிளம்பு. என் கடைப் பேர் அந்தக் கால்ல போகுது."

நெட்டையன் உடுத்திக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான். "எதுக்கும் சொல்லிடறேன், விளையாட்டு வாத்தியார் வேலைங்க. ஓடச் சொன்னாலும் சொல்லுவாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டான், படுபாவி. அதன்பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலில் நிழல் விழும்போதெல்லாம் நிமிர்ந்தாள். சாயங்காலம் ஆயிற்று. மாஸ்டரம்மா மெஷினுக்கு உறை போட்டாள். இவள் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணியின் சிரிப்பு காதில் கேட்டது.

அப்போதுதான் மூச்சு வாங்க அவன் வந்தான், முட்டியெல்லாம் மண்.

"ஓடச் சொன்னாங்க, தாண்டச் சொன்னாங்க, பசங்களோட கயிறுகூட இழுத்தேன். வேலை கெடைச்சிடுச்சு!"

மாஸ்டரம்மா அவன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டி, அவன் காலடியில் குந்தி, ஒரு மடிப்பை விலக்கி ஒட்டைப் பார்த்தாள். மற்றதையும் பார்த்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு நேரத்தோட வந்துடு. என் கோடெல்லாம் சொல்லித்தரேன், கேட்டுக்கோ" என்று உள்ளே போனாள். இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கியதை மறைக்கக் குனிந்துகொண்டாள்.

நெட்டையன் போகாமல் நின்றான். "கயிறு இழுத்ததுல ஒரு பட்டன்..." என்று சட்டையைக் காட்டினான்.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஆமா, இது நிஜமாவே அறுந்திருக்கு. நூல் பிசிறு பிசிறா இருக்கு."

"அப்படின்னா?"

"இதுவரைக்கும் கொண்டுவந்ததெல்லாம் கத்தரிக்கோல் வெச்சு வெட்டினது. தையல்காரிகிட்டயேவா?"

நெட்டையன் பேந்தப் பேந்த விழித்தான். சுவரைப் பார்க்கலாமென்றால் அவள் குறுக்கே நின்றிருந்தாள். உள்ளே மாஸ்டரம்மா களுக்கென்று சிரித்தது கேட்டது.

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். "பாவம், நல்ல சட்டைங்க. இனிமே வெட்டாதீங்க. சும்மாவே வாங்க."