நாலு மணிக்குள் ஒரு கதவு

பூட்டுக்காரம்மாவின் தலை காருக்குள் இருந்தது, கால்கள் வெளியே இருந்தன. இடையில் உள்ள உடம்பு எந்தக் கணக்கில் மடிந்திருக்கிறது என்று டிரைவருக்குப் புரியவில்லை. பின்சீட்டைக் கழற்றித் தரையில் வைத்தாயிற்று. அது இருந்த பள்ளத்தில் அந்தம்மா ஒருக்களித்துப் படுத்து, மூடிக்கிடந்த கதவில் மூக்கு உரச, ஸ்குரூ டிரைவரைப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தார். டிரைவர் எதிர்ப்பக்கக் கதவு வழியாகக் குனிந்து டார்ச் பிடித்திருந்தார்.

"அண்ணே, கதவுல அடிங்க, என் கண்ணுல அடிக்காதீங்க. கண்ணு நல்லாத்தான் திறக்குது."

அது பின்பக்கத்து இடது கதவு. எட்டு நாளாகத் திறக்கவில்லை. வெளிக் கைப்பிடியை இழுத்தால் பல்லில்லாத வாய் மெல்லுகிற மாதிரி வந்து வந்து போனது, அவ்வளவுதான். உள்கைப்பிடியோ அசையவே இல்லை. இந்த எட்டு நாளில் டிரைவர் அந்தக் கதவுக்குக் குடிக்கக் கொடுத்த எண்ணெயில் ஒரு கல்யாணத்துக்கே பலகாரம் சுட்டிருக்கலாம். தோளால் முட்டியதில் தோள்தான் வீங்கியது. ஒரு மெக்கானிக் கதவில் காதை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, பிழைக்காது என்று சொல்லும் வைத்தியர் போல உதட்டைப் பிதுக்கினார். இன்னொருவர் எடுத்த எடுப்பில் வெட்டுகிற மிஷினைக் கொண்டுவந்துவிட்டார். டிரைவர் வண்டிக்குக் குறுக்கே விழுந்து தடுத்தார்.

முதலாளி பின்பக்கம் இடது ஓரத்தில்தான் உட்காருவார். பத்தொன்பது வருஷமாக அங்கேதான். அந்த இடத்தில் சீட்டு அவருடைய உருவத்துக்கு அச்சு வார்த்த மாதிரி குழிந்திருந்தது. கதவு மாட்டிக்கொண்டதிலிருந்து எதிர்ப்பக்கம் ஏறி, நகர்ந்து நகர்ந்து அந்தக் குழிக்கு வந்து சேர வேண்டியிருந்தது. முதலாளியின் உடம்பு சின்ன உடம்பு இல்லை. அவர் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வருவதற்குள் ஒரு குழந்தை பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடும். நேற்று ஆபீஸ் வாசலில் நடு வழியில் சிக்கிக்கொண்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மூன்று மாடி ஜன்னலிலும் தலைகள் தெரிந்தன. வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தோள் குலுங்க நின்றார். டிரைவர் ஒரு கையைப் பிடித்து இழுத்து, எப்படியோ கரை சேர்த்தார்.

இன்று காலையில் முதலாளி காரில் ஏறவே இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி சொன்னார்.

"சாயங்காலம் நாலு மணிக்குள்ள இந்தக் கதவு திறக்கணும். திறக்கலேன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

டிரைவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்த வயதில் வேறு இடத்தில் வேலை கேட்பது, தேய்ந்த டயரைப் புதுசு என்று விற்கப் போவதைப் போன்றது. போன வாரமே ஒரு முன்னேற்பாடாக வாடகை வண்டிகள் நிற்கும் இடத்தில் விசாரித்துப் பார்த்தார். வயதைச் சொன்னதும், "பெரியவரே, நீங்க பின்னாடி உட்காருங்க, நாங்க ஓட்டறோம்," என்றார்கள். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவர் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கதவு திறக்கலேன்னா என்ன, ஜன்னல் வழியா ஏத்தி விடுங்க. உங்க முதலாளி அதுல நுழைஞ்சிட்டார்னா அப்புறம் டாக்டர் எதுக்கு, இளைச்சிட்டார்னு அர்த்தம்," என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. மருந்து மாத்திரையும் வீட்டு வாடகையும் இவருடைய சம்பளத்தை நம்பித்தான் நின்றன.

"மணி என்னண்ணே?" என்றார் பூட்டுக்காரம்மா. வாயில் கருவி இருந்ததால் அது வேறு பாஷை மாதிரி கேட்டது.

"ரெண்டே கால்."

"நாலுக்குத்தானே. அதுக்குள்ள இதைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து காட்டறேன்."

"முதல்ல ஒரு தடவை திற தாயி. மத்ததை அப்புறம் பார்ப்போம்."

மூடிய கதவைத் திறப்பதில் உள்ள சங்கடம் அந்தம்மா முதலிலேயே சொல்லிவிட்ட விஷயம்தான். பூட்டைச் சரிசெய்ய உள்பலகையைக் கழற்றணும். உள்பலகையைக் கழற்றக் கதவைத் திறக்கணும். கதவைத் திறக்கப் பூட்டைச் சரிசெய்யணும். பெரிய பெரிய ஆட்களெல்லாம் இந்த மூன்றையும் சுற்றிச் சுற்றி வந்துதான் வெட்டுகிற மிஷினில் போய் நின்றார்கள். பூட்டுக்காரம்மாவின் வழி வேறு. சீட்டை எடுத்துவிட்டால் பலகையின் கீழ் ஓரம் நான்கு விரல் அளவுக்கு வெளியே தெரியும். அங்கே சப்பையான மரத்துண்டைக் கொடுத்து, கிளிப் கிளிப்பாக, மூச்சை அடக்கிக்கொண்டு நெம்ப வேண்டும். ஒன்று உடைந்தால் பலகை பிறகு கடகடக்கும். அவ்வளவு இடுக்கில் முழங்கையை மடக்க முடிகிற உடம்பு அந்த வட்டாரத்தில் அவருக்குத்தான் இருந்தது. சாவி வெட்டுகிற கடை என்று போர்டு போட்டிருந்தாலும், கதவு மாட்டினால் எல்லா ஷெட்டிலிருந்தும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டு வேலையை முடித்துக்கொண்டு, பில்லில் ஷெட்டின் பேரைப் போட்டுக்கொண்டார்கள்.

டக். ஒரு கிளிப் வந்தது. டக். இன்னொன்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் டிரைவரின் இடது கண் ஒரு தடவை மூடித் திறந்தது.

போன் அடித்தது. முதலாளி.

"திறந்துச்சா?"

"இதோ, ஆயிட்டே இருக்கு சார்."

"திறந்ததும் நல்லா கழுவிட்டு வா. உள்ளேயும் துடை. கண்ணாடிக்கெல்லாம் பாலிஷ் போடு."

டிரைவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகத்தில் எட்டு நாளாகக் காணாமல் போயிருந்த ரத்தம் கொஞ்சம் திரும்பி வந்திருந்தது.

"கழுவச் சொல்றார். கோவம் போயிருச்சுன்னு அர்த்தம். கோவமா இருக்கறவர் பாலிஷ் போடச் சொல்லுவாரா?"

"எனக்கு உங்க முதலாளியத் தெரியாதுண்ணே. கதவைத்தான் தெரியும்," என்றார் பூட்டுக்காரம்மா. "பலகை வந்துருச்சு. அசையாம பிடிங்க. தும்மல் வந்தா நாளைக்குத் தும்மிக்கலாம்."

பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள். அதை உரித்ததும் கதவின் வயிறு தெரிந்தது. கறுத்த தகடு, கண்ணாடி ஏறி இறங்கும் பாதை, கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகிற நீளக் கம்பி. அந்தம்மா கம்பியை விரலால் தடவிக்கொண்டே கடைசி வரை போனார். பூட்டை அடைந்ததும் விரல் நின்றது. இடுக்கியை உள்ளே விட்டார். ஏதோ வர மாட்டேன் என்றது. பல்லைக் கடித்துத் திருகி இழுத்தார். வந்தது.

கட்டை விரல் அகலத்தில் ஒரு ரப்பர் துண்டு. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் தேய்ந்த கோடுகள்.

பூட்டுக்காரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார்.

"கதவுக்குள்ள யாருண்ணே செருப்பு போட்டது?"

"கம்பெனியிலேயே வெச்சு அனுப்பியிருப்பான்."

"கம்பெனிக்காரன் புதுச் செருப்புல வெட்டி வெச்சிருப்பானே. இது தேஞ்சு ஓஞ்ச செருப்பு."

டிரைவர் டார்ச்சை அணைத்தார். அணைத்தால் விஷயம் மறைந்துவிடும் என்பது போல. பட்டப்பகல் அது.

எட்டு மாதத்துக்கு முன்பு இதே கதவில் கடகட என்று ஒரு சத்தம் வந்தது. முதலாளி கதவைச் சாத்துகிற சாத்தில் பக்கத்துத் தெருவில் பல்செட்டுகள் கழன்று விழும். பத்தொன்பது வருஷம் அப்படிச் சாத்தினால் எந்தக் கம்பிதான் ஆடாது. ஆனால் முதலாளிக்கு அந்தச் சத்தம் மண்டைக்குள் கேட்டது. "வண்டி ஓட்டறியா, தகர டப்பாவை உருட்டறியா?" என்று தினமும் கேட்டார். ஷெட்டுக்குக் கொண்டுபோனால் இரண்டு நாள் வண்டி நிற்கும், நின்றால் அதற்கும் திட்டு விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் தன்னுடைய பழைய செருப்பில் ஒரு துண்டு வெட்டி, ஸ்பீக்கர் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவே செருகிவிட்டார். மறுநாள் சத்தம் இல்லை. முதலாளி பாதி தூரம் போனதும், "இப்ப பரவாயில்லையே," என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அது. டிரைவர் அதை ஒரு மாதம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் துண்டு ஒவ்வொரு சாத்துக்கும் ஒரு நெல் அளவு நகர்ந்து, எட்டு மாதம் பயணம் செய்து, பூட்டின் நாக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"கேட்டார்னா என்ன சொல்றது தாயி?"

"கம்பி தேஞ்சிருந்துச்சு, மாத்தினோம்னு சொல்லுங்க."

"பொய் சொன்னா என் முகம் காட்டிக் கொடுத்துரும்."

"முகத்தை ரோட்டைப் பார்த்து வெச்சுக்கிட்டுத்தானே ஓட்டறீங்க. அவருக்குத் தெரியப்போறது உங்க பிடரிதான்."

பூட்டுக்காரம்மா பூட்டின் நாக்கைத் தட்டிவிட்டு, ஒரு சொட்டு, ஒரே சொட்டு எண்ணெய் வைத்தார். உள்கைப்பிடியை ஒரு விரலால் இழுத்தார். எட்டு நாளாக ஊரே கூடி முட்டியும் அசையாத கதவு, கூப்பிட்டதும் வருகிற பூனை மாதிரி திறந்துகொண்டது. வெளிக்காற்று முகத்தில் பட்டது. பூட்டுக்காரம்மா அந்தக் கதவு வழியாகவே வெளியே வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். டிரைவர் கதவை மூடினார், திறந்தார். மூடினார், திறந்தார். பதினேழாவது தடவை அந்தம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பலகையை மாட்டி, சீட்டைப் பொருத்தி, கழுவி, பாலிஷ் போட்டு முடித்தபோது மூன்றரை. வழி நெடுக டிரைவர் ஒத்திகை பார்த்தார். கம்பி தேஞ்சிருந்துச்சு சார். மாத்தியாச்சு சார். பத்து விதமாகச் சொல்லிப் பார்த்ததில் பத்தாவது அவருக்கே உண்மை போலப் பட்டது.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி முதலாளி வீட்டு வாசலில் நின்றது. முதலாளியோடு நெட்டையான ஒரு ஆள் நின்றிருந்தார். டிரைவர் இறங்கி ஓடி, இடது பின்கதவை ஒரு விரலால் திறந்து பிடித்தார்.

முதலாளி கதவு எப்படித் திறந்தது என்று கேட்கவில்லை. நெட்டை ஆள் பக்கம் திரும்பினார்.

"பார்த்துக்கோங்க. நாலும் திறக்குதா?"

நெட்டை ஆள் நாலையும் திறந்து பார்த்தார். இடது பின்கதவைக் கூடுதலாக இரண்டு தடவை. "சொன்ன மாதிரியே இருக்கு. அப்ப நான் எடுத்துக்கறேன்."

டிரைவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். முதலாளி அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து வந்தார்.

"புது வண்டி நாளைக்கு வருது. அதுல கியர் கிடையாது, எல்லாம் ஸ்கிரீன்ல. என் பையன் தானே ஓட்டறேங்கறான். இந்த மாசம் முடியற வரைக்கும் உனக்குச் சம்பளம் உண்டு."

மாதம் முடிய நாலு நாள் இருந்தது.

"சார், காலையில நீங்க..."

"ஆமா. கதவு திறந்துருச்சே. நல்ல காரியம்."

நெட்டை ஆள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டின. சீட்டுக்கு அடியில் கையை விட்டு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அந்தச் சீட்டு ஒரே ஆளின் கால் நீளத்துக்கு வைத்தது வைத்தபடி பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டது.

"இது நகராதா?"

"நகரும், நகரும்," என்றார் முதலாளி. "அதைக் கொஞ்சம் பாரேன். உனக்குத்தான் தெரியும்."

டிரைவர் முன்கதவுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் மண்டியிட்டார். நெட்டை ஆள் இறங்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு காலை மட்டும் ஒதுக்கினார். டிரைவர் அந்தக் காலுக்கு அந்தப் பக்கமாகக் கையை நுழைத்து, சீட்டின் தண்டவாளத்தில் இறுகியிருந்த அழுக்கைச் சாவி முனையால் சுரண்டினார். நெம்புகோலைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் சீட்டைத் தள்ளினார். கன்னம் வண்டியின் புது முதலாளியின் கால்சட்டையில் உரசியது. மூன்றாவது தள்ளலில் சீட்டு முனகிக்கொண்டு பின்னால் போய், ஒரு புதுப் பல்லில் உட்கார்ந்தது.

ஆக்ஸிலரேட்டருக்குக் கீழே மிதியடி தேய்ந்து, ஒற்றைக் குதிகால் அளவுக்கு ஒரு குழி இருந்தது. நெட்டை ஆள் காலை நீட்டினார். பளபளக்கிற ஷூவின் குதிகால் அந்தக் குழிக்குள் போய்ச் சரியாக அமர்ந்தது.

"இப்ப வசதியா இருக்கு," என்றார் அவர், போனிலிருந்து வாயை எடுத்து.

டிரைவர் நெம்புகோலை விடாமல், மண்டியிட்டபடியே இருந்தார்.