அடிமுனையில் ஒரு பொட்டு நீலம்

எங்க அக்காவுக்குப் பொறுமைங்கிறது மருந்துக்கும் கிடையாது. பன்னிரண்டு வருஷம் யார் யாரோட ரத்தினக்கல் குழியிலேயோ கூலிக்கு மண் சலிச்சவ, போன வருஷம்தான் தோழியோட சேர்ந்து சொந்தமா ஒரு குழி தோண்டினா. கிடைச்சது ஒரே ஒரு நீலக்கல். அதைக் கைக்குட்டையில முடிஞ்சு, கல்லுக்குப் பட்டை தீட்டுற என் பட்டறைக்குக் கொண்டுவந்தா.

பார்த்ததுமே எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. நீலக்கல்லுன்னு பேரு, ஆனா கஞ்சித்தண்ணி மாதிரி வெளுப்பு. ஒரு ஓரத்துல மட்டும் மிளகளவு நீலம்.

"இது நல்ல கல்லாத் தேறலைன்னா, குழியில ஒண்ணுமில்லைன்னு சனிக்கிழமை மூடிடுவோம். மறுபடியும் கூலிக்குத்தான் போகணும்"னா அக்கா.

"வாயைக் கழுவுக்கா! நான் தேத்திக் காட்டுறேன்"னு வீறாப்பா சொல்லிட்டேன். ஆனா அது லேசுப்பட்ட வேலையில்லை. அந்தப் பொட்டு நீலம் கல்லோட அடிமுனையில வர்ற மாதிரி பட்டை தீட்டணும். அப்பத்தான் உள்ளே போற வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி, மேலேருந்து பார்த்தா முழுக் கல்லும் நீலமாத் தெரியும். கொஞ்சம் கூடுதலாத் தேய்ச்சாலும் நீலமும் போச்சு, அக்காவோட குழியும் போச்சு.

கல்லை அரக்குல ஒட்டி மூணு நாள் சாணை பிடிச்சேன். அக்கா என் கழுத்துல மூச்சு விட்டுக்கிட்டே நின்னா.

"தள்ளி நில்லுக்கா, உயிரை வாங்காதே!"

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெருகேத்தி அரக்கைச் சுரண்டி எடுத்தேன். நான் பார்க்கிறதுக்குள்ள அக்கா வெடுக்குனு பிடுங்கிக்கிட்டு ஜன்னலுக்கு ஓடினா. பக்கவாட்டுல பிடிச்சுப் பார்த்தவ அப்படியே உட்கார்ந்துட்டா.

"வெள்ளையா இருக்கே! இருந்த நீலத்தையும் தேய்ச்சுத் தொலைச்சிட்டியேடி, பாவி!"

பொலபொலன்னு கண்ணீர். நிஜமாவே தொலைச்சிட்டேனோன்னு எனக்கும் சந்தேகம் வந்துடுச்சு. பயத்துல கோபம்தான் வந்தது.

"கல்லை யாராவது பக்கத்துலேருந்து பார்ப்பாங்களா? திருப்புக்கா! மேலேருந்து பாரு!"

திருப்பினா. ஓரம் வரைக்கும் நீலம், அப்படியொரு நீலம்! சந்தோஷத்துல நான் போட்ட கூச்சல்ல, அடுத்த அறையில நகை செஞ்சுக்கிட்டிருந்த என் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"அண்ணி, இதை நானே மோதிரத்துல பதிச்சுத் தரேன். உங்களுக்குத்தான்!"

அவ காதுல விழுந்தாத்தானே? கல்லை என் கையில திணிச்சிட்டு, தோழிக்குப் போன் போட்டுத் தெருவே கேட்கக் கத்தினா. "குழியை மூடலைடி! ஏணியை இறக்கி வை, இப்பவே வரேன்!" செருப்பை இடம் வலம் மாத்திப் போட்டுக்கிட்டு ஓட்டமா ஓடினா.

"அண்ணி, விரல் அளவையாவது குடுத்துட்டுப் போங்க!"ன்னு வாசல்ல நின்னு கூப்பிட்டார் இவர்.

"விரலுக்கு வேலை இருக்கு!"ன்னு தெருக்கோடியிலேருந்து பதில் வந்தது.