குருடி, ஓரம் போ

எனக்குக் கண் தெரியாது. பிறந்ததிலேருந்தே தெரியாது, அதனால அதுல பெருசா துக்கமும் கிடையாது. ஆஸ்பத்திரி டெலிபோன் அறையில வேலை. எந்த வார்டுக்கு எந்த நம்பர்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

சலவை வண்டி தள்ளுறவன் என் சிநேகிதன். மொட்டைன்னு கூப்பிடுவேன், தலையைத் தடவிப் பார்த்து நானே வெச்ச பேரு. அவன் என்னைக் குருடிம்பான். வண்டிக்கு ரப்பர் சக்கரம், வர்றதே தெரியாது. அதனால தூரத்துல என்னைப் பார்த்ததுமே, "குருடி, ஓரம் போ"ன்னு குரல் கொடுப்பான். நான் சுவரோட ஒட்டிக்குவேன். வேற எவனாவது அப்படிக் கூப்பிட்டா என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்குவான்.

புதுசா வந்த மேனேஜரம்மா இதைக் கேட்டுட்டாங்க. இனிமே எல்லாரும் என்னை 'பார்வைச் சவால் கொண்டவர்'னுதான் சொல்லணுமாம். மொட்டை இன்னொரு தடவை வாய் தவறினா வேலை போயிடுமாம். வீட்டுல ரெண்டு பொண்ணுங்க படிக்குது, பயந்துட்டான். மத்தவங்களும்தான். "நாளைக்குப் பார்க்கலாம்"னு சொல்ல வந்த நர்ஸ், 'பார்க்க'ங்கிற வார்த்தைக்கே பயந்து, பாதியிலேயே முழுங்கிட்டுப் போனா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஒருநாள் டீ குடிச்சிட்டுத் திரும்புறேன். எதிர்ல, "பார்வை... பார்வைச்..."னு மொட்டையோட குரல். மிச்சம் வாயில வரலை. அதுக்குள்ள பாரம் ஏத்தின வண்டி நிக்காம வந்து என் முழங்காலைப் பதம் பார்த்துடுச்சு.

"வெறும் ஓரம்னு சொன்னா ஆகாதாடா?"

"மரியாதையாக் கூப்பிட்டுட்டுச் சொல்லலாம்னு பார்த்தேன்." பாவி அழுதுட்டான்.

மறுநாள் மேனேஜர் அறையில விசாரணை. கால்ல கட்டோட உட்கார்ந்திருக்கேன், பக்கத்துல மொட்டை.

"பார்வைச் சவால் கொண்ட ஒருத்தரை இடிச்சிருக்கீங்களே. அவங்களுக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்? அவங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும்?" மேனேஜரம்மா கேட்டதெல்லாம் அவன்கிட்ட. நடுவுல, "அவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க." அதுவும் அவன்கிட்ட. கடைசியா, நாளையிலேருந்து வேலைக்கு வரவேண்டாம்னு ஆரம்பிச்சாங்க.

"நான் கொஞ்சம் பேசலாமா மேடம்?"

பதிலுக்குக் காத்திருக்காம நானே ஆரம்பிச்சேன்.

"இவன் என்னைக் குருடின்னுதான் சொல்றான். ஆனா என்கிட்ட சொல்றான். நீங்க சொல்றது நல்ல வார்த்தைதான், நான் இல்லேங்கலை. ஆனா இந்த அறைக்குள்ள நான் வந்ததுலேருந்து ஒரு வார்த்தைகூட என்கிட்ட பேசலை. முழங்கால் வலி ரெண்டு நாள்ல போயிடும் மேடம். இதுதான் வலிக்குது."

மேனேஜரம்மாவோட நாற்காலி கிறீச்சுன்னு என் பக்கம் திரும்புச்சு.

"உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும்?"

"அக்கான்னு கூப்பிடுங்க, போதும். குருடி இவனுக்கு மட்டும்."

"சரிக்கா. இப்ப இவரை என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

"வண்டியைத் தள்ளச் சொல்லுங்க"ன்னேன். "வாயைத் திறந்து தள்ளச் சொல்லுங்க."