இன்ஷிராஹ் மேடத்தின் இடப்பக்கத் திரை

கஃபர் அத்தூத் கல்வி அலுவலகத்துக்கு ஆறு புதிய கணினித் திரைகள் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதமும் அவை கீழே ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பெட்டியைப் பிரிக்க ஒரு கமிட்டி வேண்டும், கமிட்டிக்கு மூன்று பேர் வேண்டும், மூன்று பேரில் எவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். கையெழுத்துப் போட்டவர் பெயரில் அந்தச் சாமான் உஹ்தாவாக, அதாவது பொறுப்புச் சாமானாக, ஏறிவிடும். அப்படி ஏறிவிட்டால், அதில் ஒரு கீறல் விழுந்தாலும் அவர்தான் பொறுப்பு. ஓய்வு பெறும் நாளில் ஒரு ஸ்டேப்ளர் குறைந்தால்கூடப் பென்ஷன் காகிதம் நகராது. அதனால் எங்கள் ஊர் அரசு ஊழியர்கள் தேளைத் தொட்டாலும் தொடுவார்கள், புதுச் சாமானைத் தொட மாட்டார்கள்.

அந்த ஆறில் ஒன்றையாவது வாங்கிவிட வேண்டும் என்று ஸ்டோர் கீப்பர் ஸக்லூலின் பின்னால் அலைந்தவர் தேர்வுப் பிரிவு இன்ஷிராஹ் மேடம். ஆசைக்காக இல்லை, தோள்வலிக்காக. தேர்வுக்குப் பதிவு செய்யும் பிள்ளையின் பெயரை அப்பாவோ அம்மாவோ கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் உறுதி செய்ய வேண்டும் என்று புது உத்தரவு வந்திருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் நாற்பது முறை திரையைத் தூக்கி அந்தப் பக்கம் திருப்பி, மறுபடி இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் இது என்ன பிழைப்பு?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது ஸக்லூலைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் அந்த மனிதரும் இரங்கினார். "எழுத்துல ஒண்ணும் கிடையாது மேடம். வாய்ச்சொல்தான். கமிட்டி கமிட்டின்னு எவனாவது வந்தான்னா, அடுத்த நிமிஷம் ஸ்க்ரீன் என் ஸ்டோர்ல இருக்கணும்" என்று சொல்லிப் பெட்டியை மேலே அனுப்பினார்.

பொருத்த வந்தவனை எல்லோரும் இன்ஜினியர் என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் கையில் திருப்புளி வைத்திருப்பவன் எல்லாம் இன்ஜினியர்தான். புதுத் திரையை அவன் பழைய திரைக்கு இடது பக்கம், கவுண்டருக்கு இரண்டு பக்கமும் தெரியும்படி சாய்த்து வைத்தான். வலமிருந்து இடமாக எழுதுகிறவர்களுக்கு முதலாவது வலது, இரண்டாவது இடது. வேறு எங்கே வைப்பது என்று யாருக்கும் தோன்றவே இல்லை. கணினியோ இரண்டாவது திரை வலது பக்கம் இருப்பதாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. மவுஸை வலது ஓரத்தில் இடித்துத் தள்ளினால், அம்பு இடது திரையில் போய் முளைத்தது.

"இத மாத்தக் கூடாதா இன்ஜினியர்?"

"அதுக்கு பாஸ்வேர்டு வேணும் மேடம். நாளைக்கு வந்து பண்ணித் தரேன்."

எங்கள் ஊர் நாளை எப்போது வரும் என்று படைத்தவனுக்குத்தான் தெரியும். மூன்று நாளில் இன்ஷிராஹின் கை அதற்குப் பழகிவிட்டது. படிவத்தை இடது திரைக்குத் தள்ளுவார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பார்த்துத் தலையாட்டுவார்கள். இவர் இருந்த இடத்திலிருந்தே உறுதி செய்வார். பக்கத்து மேஜை ஃபிப்ரோனியா, "உன் தோளுக்கு விடுதலை, இனி எங்க தலைக்கும் விடுதலை. வலி வலின்னு நீ பாடின பாட்டு இருக்கே!" என்றாள்.

பதிவின் கடைசி நாள் வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு மூடிவிடும். பன்னிரண்டரைக்கு ஒரு பெரியவரும் அவர் மகளும் வந்தார்கள். பெரியவர் மஹ்ரூஸ், கிராமத்தில் நெல் ஆலையில் மூட்டை தூக்குகிறவர். மகள் தஸ்னீம், வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதுகிறவள். பகலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோவும் ஜெராக்ஸும் போடும் கடையில் வேலை பார்த்தாள். காகிதங்களுக்கு முத்திரை வாங்கவே அவர்களுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

"போன வருஷம் இவ அம்மா படுக்கையில கிடந்தா, எழுத முடியல" என்றார் மஹ்ரூஸ், யாரும் கேட்காமலே. "இந்த வருஷம் எழுதலேன்னா, உருளைக்கிழங்கு பேக்கிங்குக்கு அனுப்பிடுறேன்னு எங்க அண்ணனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் மேடம். அவர்தான் அங்க மேஸ்திரி. ஒண்ணாம் தேதிலேர்ந்து இடம் பிடிச்சு வச்சிருக்கார். நான் குடுத்த வாக்கு மாறுறவன் இல்ல. அதனால இவ எழுதணும்."

வாக்கு மாறாதவர் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

இன்ஷிராஹ் விவரங்களை அடித்துப் படிவத்தை இடது திரைக்குத் தள்ளினார். தஸ்னீம் அப்பாவுக்கு விரலால் காட்டிக் காட்டிப் படித்தாள். தஸ்னீம் மஹ்ரூஸ் அப்துல் பாஸித் இஸ்மாயீல். எல்லாம் சரி. ஆனால் அவள் கொண்டுவந்த புகைப்படத்தில் பின்னணி நீலம். வெள்ளைதான் செல்லும், படம் கையில் இல்லாமல் உறுதி செய்யக் கூடாது.

"எங்க கடையிலேயே எடுத்துட்டு வந்துடுறேன் அப்லா, முக்கால் மணி நேரம்" என்றாள் தஸ்னீம். மூத்த பெண்களை எங்கள் ஊரில் மரியாதையாக அப்லா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஓடு. படிவம் இப்படியே இருக்கும்."

அவர்கள் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, ஸக்லூல் மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடிவந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து கமிட்டி, முன்னறிவிப்பில்லாமல், சாமான் எண்ண வந்துவிட்டது. ஸக்லூல் இடது திரையின் கம்பியை உருவினார், திரையைக் குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கம்பியின் ஒரு முனை மேஜையிலிருந்து தொங்கியது. மறுமுனை காலடியில் கணினிப் பெட்டிக்குள். அந்தப் பெட்டி இரும்புக் கூண்டுக்குள், கூண்டுக்குப் பூட்டு. பூட்டின் சாவி ஸக்லூலின் கொத்தில்.

மறுமுனையை உருவாததால், திரை போனதைக் கணினி நம்பவில்லை. இடது திரை இன்னும் அங்கேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தஸ்னீமின் படிவத்தை அதிலேயே வைத்துக்கொண்டிருந்தது. ஒன்றரைக்குப் பெண் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தோடு திரும்பி வந்தபோதுதான் இன்ஷிராஹுக்கு விஷயம் புரிந்தது. திரையின் அடிப்பட்டையில் இருந்த படிவத்தின் பெயரைச் சொடுக்கினார். பெயர் ஒளிர்ந்தது. படிவம் வரவில்லை. மறுபடி சொடுக்கினார். உள்ளேதான் இருக்கிறேன் என்கிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது.

அவர் கீழே ஓடினார். ஸ்டோர் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது, கமிட்டியின் ஆள் ஒருவன் வெளியே நூல் கட்டி மெழுகு முத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தான். எண்ணி முடியும்வரை அதை யாரும் உடைக்க முடியாது.

"உஸ்தாஸ் ஸக்லூல்! அஞ்சு நிமிஷம் அந்த ஸ்க்ரீன குடுங்க. ஒரு பொண்ணோட வருஷம் போகுது!"

கதவிடுக்கில் கிசுகிசுப்பாகக் குரல் வந்தது. "மேடம், நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்கங்க. ஒண்ணு வெளிய போனா முதல்லேர்ந்து எண்ணுவாங்க."

"கூண்டுச் சாவியாவது கதவுக்கு அடியில தள்ளுங்க."

"கொத்து கமிட்டித் தலைவர் கையில. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு மேடம், என்னை விட்டுடுங்க."

மேலே வந்தபோது ஒன்று முப்பத்தெட்டு. இன்ஜினியருக்குப் போன் அடித்தார். பின்னால் கல்யாண மேளம் கேட்டது. "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுறேன் மேடம்" என்று வைத்துவிட்டான். அடுத்த முறை அடித்தபோது போன் அணைந்திருந்தது. வேறு கணினியில் செய்யலாம் என்றால், அந்தப் பதிவு இவர் பெயரில், இந்த ஒரு கணினியில் மட்டும்தான் திறக்கும்.

அப்போதுதான் தஸ்னீம் கவுண்டர் மேல் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். "அப்லா, கீபோர்டுலயே ஒரு வழி இருக்கு. எங்க கடையில இப்படித்தான் ஆகும். நான் அந்தப் பக்கம் வந்து..."

அவள் கவுண்டரின் சிறு கதவில் கை வைத்ததும் இன்ஷிராஹுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"நில்லு அங்கேயே! யாரும் கைய வைக்கக் கூடாது. இது என் உஹ்தா, என் பேர்ல இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா உங்கப்பாவா வந்து பதில் சொல்வார்?"

மஹ்ரூஸ் மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "வாய மூடு. படிச்சவங்க பார்த்துக்கிட்டிருக்காங்கல்ல? ஜெராக்ஸ் போட்டுட்டா நீ பெரிய ஆளா?"

அவள் பின்வாங்கினாள். கீபோர்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கணினியை அணைத்துப் போடலாம் என்றாள் ஃபிப்ரோனியா. போட்டார்கள். அந்தக் கிழட்டுக் கணினி எழுந்து உட்காரவே பதினோரு நிமிடம். மஹ்ரூஸ் உதட்டுக்குள் துஆ ஓதினார், ஃபிப்ரோனியா கன்னிமரியாளைக் கூப்பிட்டாள். இன்ஷிராஹ் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று ஐம்பத்து மூன்றுக்குப் பதிவு திறந்தது. கடைசியாக விட்ட இடத்தில், இல்லாத திரையில்.

"குருட்டாம்போக்குல சொடுக்கிடு" என்றாள் ஃபிப்ரோனியா. "மவுஸ அந்தப் பக்கம் தள்ளு, உறுதி பட்டன் அடியிலதானே இருக்கு?"

"அடியில ரெண்டு பட்டன் இருக்கு. உறுதி ஒண்ணு, அழி ஒண்ணு."

"உறுதி எந்தப் பக்கம்?"

இன்ஷிராஹ் தன் கையைப் பார்த்தார். நாலாயிரம் முறை சொடுக்கிய பட்டன். கைக்குத் தெரியும், கண் இருந்தால் கைக்குத் தெரியும். வலதா, இடதா? அழி என்பதில் விழுந்தால் பெண்ணின் பெயரே போய்விடும். மவுஸை வலது ஓரத்தில் இடித்துத் தள்ளினார். அம்பு மறைந்தது. அது எங்கே இருக்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கிணற்றங்கரையில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதைப்போல் இருந்தது.

"சொடுக்குங்க மேடம்" என்றார் மஹ்ரூஸ். "அல்லாஹ் மேல பாரத்தப் போட்டு."

"முடியல ஹாஜியாரே" என்றார் இன்ஷிராஹ். "என்னால முடியல." கண்ணில் நீர் முட்டியது. இருபத்தாறு வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கு இப்படி ஒரு கையாலாகாத்தனமா என்று அவருக்கே அவர்மேல் வெறுப்பு வந்தது.

திரையின் மூலையில் கடிகாரம் இரண்டு ஆனது. ஆனபோது ஒரு சத்தமும் இல்லை.

இன்ஷிராஹ் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இனி உடைந்தால் என்ன, எரிந்தால் என்ன என்ற நிலைக்கு வந்திருந்தார். "வாம்மா" என்றார். "அது என்ன வழின்னு காட்டு."

தஸ்னீம் சிறு கதவைத் திறந்து உள்ளே வந்தாள். கீபோர்டுக்கு முன்னால் நின்று, "தொடலாமா அப்லா?" என்று கேட்டாள். இன்ஷிராஹ் தலையாட்டினார். பெண் படிவத்தைத் தேர்ந்தெடுத்து, இடது கையால் இரண்டு விசையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அம்புக்குறி விசையை ஒருமுறை தட்டினாள். படிவம் ஓரத்திலிருந்து நழுவி வந்து திரையின் நடுவில் நின்றது. அதற்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

தஸ்னீம் மஹ்ரூஸ் அப்துல் பாஸித் இஸ்மாயீல். கீழே இரண்டு பட்டன்கள். உறுதி வலது பக்கம் இருந்தது.

இன்ஷிராஹ் சொடுக்கினார். ஏன் சொடுக்கினார் என்று அவருக்கே தெரியாது. சிவப்பில் ஒரு வரி வந்தது.

"வந்துடுச்சா?" மஹ்ரூஸ் கவுண்டர் மேல் எம்பிப் பார்த்தார். "வந்துடுச்சு பாருங்க! உங்க கை நல்லா இருக்கட்டும் மேடம். ரெண்டு நிமிஷம் முன்னப்பின்ன ஆனா அரசாங்கம் என்ன குடியா முழுகிடும்?"

இதற்குப் பதில் இன்ஷிராஹ் சொல்லியிருக்க வேண்டும், அவருடைய வேலை அது. அவர் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரம் முடிஞ்சுதுன்னு போட்டிருக்குப்பா" என்றாள் தஸ்னீம்.

மஹ்ரூஸின் கை கவுண்டரிலிருந்து மெல்ல இறங்கியது. வெள்ளைப் பின்னணிப் படத்தைக் கவுண்டரிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வேன் காலையில அஞ்சு மணிக்கே வந்துடும்னு அண்ணன் சொன்னார்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

இன்ஷிராஹுக்கு அப்போதுதான் அழுகை வெடித்தது. அழுகை போகும் வழி தெரியாமல் கோபமாகத் திரும்பி, பக்கத்தில் நின்ற பெண்மேல் விழுந்தது.

"ரெண்டு விநாடி வேலைடி இது! ரெண்டு விநாடி! இத நீ முன்னாடியே ஏன் சொல்லல?"

தஸ்னீம் நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, பெரியவர்களுக்குப் பதில் சொல்லும் மரியாதை மட்டும் இருந்தது.

"சொன்னேன் அப்லா" என்றாள்.